ஆறாவது குழாய்

பெயின்ட் பட்டறையில் அப்பா இருபது வருடமாக மூச்சில் வாங்கிய அதே தின்னரைத்தான் மகளின் ஆய்வகத்தில் எலிகளுக்குச் செலுத்தினார்கள். ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயில் நான்கு மணி நேரம். ஐந்து எலிகளுக்குத் தின்னர் புகை. ஒப்பிட்டுப் பார்க்க, எதிர்வரிசையில் ஐந்து எலிகளுக்குச் சுத்தமான காற்று.

“எலிக்குக்கூட நல்ல காத்து குடுக்கறாங்க. உங்க முதலாளிக்கு ஒரு முகமூடி வாங்கிக் குடுக்க வக்கில்லையா?” என்று மகள் வீட்டில் சீறினாள்.

அப்பா இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். “குடுத்து வெச்ச எலி. எனக்கும் அந்த வரிசையில ஒரு இடம் பிடிச்சு வை பாப்பா.”

மறுநாள் பத்து மணிக்குக் காற்றைத் திறந்தாள். நல்ல காற்று வரிசையில் ஆறாவது குழாய் காலி. அதன் கண்ணாடி மூச்சுப் பட்டதுபோல் மங்கியது, தெளிந்தது. துடைத்தாள். மறுபடியும் மங்கியது. எலியின் மூச்சுக்கு அது ரொம்ப நிதானம்.

மதியம் அம்மா போன் செய்தாள். “உங்கப்பா லீவு போட்டுட்டுப் படுத்தாரு. பத்து மணியிலேர்ந்து ஒரு இருமல் இல்ல. பயந்துபோய் மூக்குல கை வெச்சுப் பார்த்தேன். குழந்தையாட்டம் தூங்கறாரு.”

இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். “நேரம் முடிஞ்சுது. காத்தை மூடிடும்மா.”

பத்து எலிகளையும் கூண்டுக்கு மாற்றினாள். பிறகு, தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் இறங்கினால் காற்று வால்வில் மாட்டும் சிவப்பு அட்டையை எடுத்துவந்து காற்றுக் குழாயின் திருகில் மாட்டினாள்.

அட்டையில் எழுதியிருந்தது: “மூடாதே. உள்ளே ஆள் இருக்கிறார்.”