பாலத்தின் மேல் காற்று

பாலத்தின் மேல் காற்று காரைப் பக்கவாட்டில் அறைகிறது. கார் ஓட்டக் கற்றுத்தருவதே தொழிலாக உள்ள தங்கை, முன்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அக்காள் கணவர் ஒற்றைக் கையால் ஓட்டுகிறார். அவருக்குப் பின்னால் நிறைமாத அக்கா.

"மெதுவா போங்க அத்தான். லாரியைத் தாண்டினதும் காத்து தூக்கி அடிக்கும்."

"எனக்கே பாடமா?" கண்ணாடியை இறக்கிக் காறித் துப்புகிறார். காற்று அந்த எச்சிலை உள்ளே திருப்பி அக்காவின் கன்னத்தில் அப்புகிறது. அக்கா புறங்கையால் துடைத்துக்கொள்கிறாள், பழகிப்போனவள் போல. லாரி பின்தங்கியதும் கார் பக்கத்துத் தடத்துக்கு எகிறுகிறது, ஹாரன்கள் அலறுகின்றன. அவர் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடிக்கிறார்.

பாலம் முடிந்ததும், "ஓரமா நிறுத்துங்க, நான் ஓட்டுறேன்" என்கிறாள் தங்கை. அவர் நிறுத்துகிறார், ஆனால் சீட்டை விட்டு அசையவில்லை.

"எறங்குங்க" என்கிறாள் அக்கா.