நேற்றுக் காலை ஆறு மணி

யாழ்ப்பாணத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் காலை ஏழு மணிக்கு நோயாளர் பதிவுகள் முழுவதும் அழிந்துபோயின. யாருக்கு என்ன மருந்து என்று வார்டுகளில் எவருக்கும் தெரியவில்லை. கணினிப் பிரிவு டினேஸ் லீவில் இருந்தான். தாதி துஷாந்தினி தயங்கித் தயங்கித்தான் அவனுக்குப் போன் எடுத்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. உங்களை விட்டால் இஞ்சை ஒருத்தருக்கும் இந்த வேலை தெரியாது."

"பரவாயில்லை மிஸ். வாறன்."

குருநகரிலிருந்து பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தான். பதிவுகளைச் சில மணிக்கொருமுறை அப்படியே நகலெடுத்து வைக்கும் ஸ்னாப்ஷொட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.

"நேற்று மத்தியானம் எடுத்ததும் பழுது. நேற்றுக் காலமை ஆறு மணிக்கு எடுத்ததுதான் நல்லாயிருக்கு. அதுக்குப் பிறகு நடந்த ஒண்டும் இதிலை இருக்காது."

"அதை நாங்கள் திரும்பப் பதியிறம். நீங்கள் எடுங்கோ அண்ணை."

அரை மணித்தியாலத்தில் பதிவுகள் திரும்பின. திரையில் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு வந்த துஷாந்தினி ஏழாம் கட்டிலுக்கான வரியில் நின்றுவிட்டாள்.

'சின்னத்தங்கம், வயது 68. நிலை: தேறி வருகிறார்.'

டினேஸும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேற்றுப் பத்து மணிக்கு... இதையும் திருத்தவேணும் அண்ணை. நான் செய்யட்டே?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அம்மாவின்ரை அடக்கம் பின்னேரம் மூண்டு மணிக்குத்தானே மிஸ். அதுவரைக்கும் இப்பிடியே இருக்கட்டும்."