கன்றிப்போன தோள்

பூமாரி தண்ணீர்ச் செம்பை இடது கையால் நீட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. சங்கரன்கோவிலிலிருந்து இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்கு இதுதான் மரியாதையா?

"சோத்துக்கைக்கு என்ன வந்துது?"

"சுளுக்குய்யா."

சொல்லும்போதே முந்தானை விலகியது. வலது தோள் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. எந்த ஊரில் சுளுக்கு இப்படி நீலமாக இருக்கும்?

அவர் வந்தது அவள் புருஷன் வீரபாண்டியைப் பற்றி விசாரிக்க. கடலைக்காட்டைக் காட்டுப்பன்றி அழிக்கிறது, துப்பாக்கி வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். வெள்ளைக்காரன் போய்விட்டான், லைசென்ஸ் போகவில்லை. ஆள் குடிப்பானா, முன்கோபியா, கையில் துப்பாக்கி கிடைத்தால் யாரைச் சுடுவான் என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டியது தில்லைநாயகத்தின் வேலை.

பக்கத்துக்காட்டுச் சண்முகையா சத்தியம் செய்யாத குறைதான். "கோழி அறுக்கச் சொன்னாலே கண்ண மூடிக்கிடுவான் எசமான். என் கடலையப் பூராப் பன்னி உழுது போட்டுட்டு. அவன் காட்டுல ஒரு செடி சாயல. நல்ல மனசுக்குச் சாமி காவல் காக்குது!"

தில்லைநாயகத்துக்குச் சாமி மேல் பக்தி உண்டு. ஊரார் சொல்லும் நற்சாட்சி மேல் கிடையாது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருப்பவன்தான் கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டியை மிதிப்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

வீரபாண்டியைக் கூப்பிட்டார். "உம் பொண்டாட்டி தோள்ல என்னலே காயம்?"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நீதான அடிச்சே?"

"ஆமாய்யா... நாந்தான்."

"எதுக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "கொழம்புல உப்பு கூடிட்டு."

சண்முகையா வாயைப் பிளந்தார். தில்லைநாயகத்துக்குத் தன் மூக்கின் மேலேயே பெருமையாக இருந்தது. மோப்பம் தப்பவில்லை.

"உப்புக்கே இந்த அடின்னா, உனக்குத் துப்பாக்கி ஒரு கேடா? மனு தள்ளுபடி. நீயும் நட, ஸ்டேஷனுக்கு!"

வீரபாண்டி கிளம்பினான். போகிற போக்கில், வாயைத் திறந்துவிடாதே என்று பூமாரியிடம் கண்ணாலேயே கெஞ்சினான். செய்யாத குற்றத்துக்கு ஊர் நடுவே தலை குனிந்து போகிறானே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. ஓடிவந்து சைக்கிளை மறித்தாள்.

"அவரை விடுங்கய்யா! நேத்து நான் பன்னியச் சுடையில துப்பாக்கிதான் என்னைய உதைச்சிட்டு!"