மூன்று புள்ளி

லண்டன்காரர் ஏழு கோப்பைகளையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

எட்னாவுக்கு அந்த ஏழில் ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று.

சனிக்கிழமை லாங்டன் சந்தையில், லென்னின் பழைய பீங்கான் கடைக்கு அவள் வந்து சேர்வதற்குள் அந்த ஆள் முந்திவிட்டார். அடுத்தவர் கையிலெடுத்த சாமானை அவர் கீழே வைக்கிறவரை விலை கேட்கக் கூடாது. சந்தை நியாயம் அது. வாங்கி வந்த ஓட்ஸ் அடை அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தேநீர் செட். சாசர், தட்டு, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம் எல்லாம் கணக்காக இருந்தன. கோப்பை மட்டும் ஒன்று கூடுதல். ஆறைப் பொறுக்கி எடுக்க வேண்டும் அவருக்கு.

ஒவ்வொன்றின் அடியிலும் கம்பெனி முத்திரை. பக்கத்தில் சின்னதாக மூன்று பச்சைப் புள்ளி. பூ வேலை செய்தது இன்னார் என்பதற்கான அடையாளம்.

யாருடைய புள்ளி என்று அவர் கேட்டார். லென் மோவாயை எட்னா பக்கம் ஆட்டினான். முப்பத்தெட்டு வருஷம் தூரிகை பிடித்த கை அது, கோழிமுட்டையைக் கொடுத்தால்கூட அடியைப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பாள் என்றான். பீங்கான் செய்து பிழைக்கிற ஊர், ஊரே அப்படித்தான். கல்யாண விருந்தில்கூட தட்டைத் தூக்கி முத்திரை பார்க்காமல் இங்கே யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

லண்டன்காரர் சாமியைக் கண்டதுபோல் எழுந்து நின்றுவிட்டார். வரைந்தவரே ஆறைத் தேர்ந்து தர வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் தானே எடுத்துத் தனியாக வைத்தார்.

அதேதான்.

"மத்ததெல்லாம் நல்ல வேலைதாங்க. இது வேற. இலையெல்லாம் காத்துல ஆடுது பாருங்க. அன்னிக்கு நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்திருக்கணும்."

எட்னா நன்றி சொன்னாள். வேறென்ன சொல்வது? முப்பத்தெட்டு வருஷமும் வெறும் 'நல்ல வேலை'யாகிப் போனதில் சுருக்கென்று ஒன்று தைக்கத்தான் செய்தது.

அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும்.

அடையைப் பலகையில் வைத்தாள். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். சில விரிசல் கண்ணுக்குத் தெரியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, முதல் கோப்பையை எடுத்து விளிம்பை நகத்தால் சுண்டினாள். மணிபோல் ஒலித்து நின்று அடங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. ஆறும் அப்படியே.

ஏழாவதை உள்ளங்கையோடு அணைத்துப் பிடித்துச் சுண்டினாள்.

டொக்.

அவர் முகம் தொங்கிவிட்டது. இன்னொரு தரம் தட்டச் சொன்னார். தட்டினாள். டொக். கொதிக்கிற தேநீரை ஊற்றினால் கோப்பை பிளந்து அத்தனையும் மடியில்தான் என்றாள் எட்னா, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. அவரே வாங்கித் தட்டிப் பார்த்திருக்கலாம். புள்ளி வைத்தவளே சொன்ன பிறகு எப்படித் தட்டுவார்?

ஆறு கோப்பையோடு செட்டைக் கட்டி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது அந்த ஏழாவதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மாதிரி.

லென் சூளையில் இருபது வருஷம் கிடந்தவன். கோப்பையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அவளிடம் நீட்டினான்.

"கட்டைவிரல உள்ள விட்டுப் புடிச்சா ராணி வீட்டுக் கோப்பைகூட டொக்குன்னுதான் சொல்லும், கண்ணு. எடுத்துட்டுப் போ. விரிசல் விட்டதுக்கு எவனாச்சும் காசு வாங்குவானா?"

எட்னா ஆறிப்போன அடையில் பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள்.

எட்னாவின் இலைகள் எப்போதும் வலப்பக்கம் சாயும். இதில் அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அவள் தங்கை ஹில்டா இடக்கைக்காரி. இடக்கைக்காரிகளுக்கு அந்தக் கம்பெனியில் தூரிகை கிடையாது. முப்பது வருஷம் களிமண் பலகை சுமந்தாள். தூசி நெஞ்சில் ஏறிச் செத்தாள்.

நடுவில் ஒரே ஒரு நாள் எட்னாவின் முக்காலியில் உட்கார்ந்தாள். சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் அந்த முக்காலி வேறொருத்திக்குப் போய்விடும். மேற்பார்வைக்காரி பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். பன்னிரண்டு கோப்பை. அடியில் அக்காவின் மூன்று புள்ளி.

அன்றைக்கு எட்னா நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் நின்றிருந்தாள், உள்ளே மாட்டிக்கொண்ட புருஷனை மேலே கொண்டுவரும் வரை. கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

அந்தப் பன்னிரண்டைப் பற்றி ஹில்டா கடைசிவரை வாய் திறக்கவில்லை. கேட்டால், ஏதோ தீட்டினேன் என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். அழுதுகொண்டே தீட்டியிருப்பாள், பாவம் என்றுதான் எட்னா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அந்தக் கோப்பையில் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டுமென்றுதான் சந்தை சந்தையாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

இலைகளை வெகுநேரம் பார்த்தாள். லண்டன்காரர் சொன்னதுபோலவே அத்தனையும் காற்றில் ஆடின.

பிறகு கைப்பிடியை ஒற்றை விரலில் தொங்கவிட்டு விளிம்பைச் சுண்டினாள். பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒலித்தது.

"அடி கள்ளி," என்றாள் எட்னா.