பதினேழாம் பாட்டில்

ஜெயம்மாள் வீட்டு வாசல் அடிபம்பில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோவிலிருந்து இறங்கிய தேவிப்ரியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவே இந்த ஒரு பம்பில் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறதென்றால், அது அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையால்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், நீர்வள மேலாண்மை படிக்கும் மாணவியாகக் காஞ்சிபுரத்தில் இந்தத் தெருவுக்கு வந்தாள். பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைகளின் கழிவு இறங்கிய தெரு. முப்பது வீட்டுத் தண்ணீரைத் தனித்தனி பாட்டிலில் பிடித்துச் சோதித்ததில் இருபத்தொன்பதில் ஈயம் இருந்தது. பதினேழாம் பாட்டில், அதாவது ஜெயம்மாள் வீட்டுத் தண்ணீர், மட்டும் சுத்தம்.

மற்ற பாட்டில்களையெல்லாம் அவளே பம்படித்துப் பிடித்தாள். பதினேழாவது வீட்டுக்கு வரும்போது வெயிலில் தலை சுற்றி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதுல கொஞ்சம் தண்ணி வேணும்க்கா" என்று பாட்டிலை நீட்ட, ஜெயம்மாள்தான் உள்ளே எடுத்துப் போய் நிரப்பிக் கொண்டுவந்தாள்.

இங்கே மட்டும் எப்படி நல்ல தண்ணீர் என்று பேராசிரியர்கள் குடைந்தார்கள். அடியில் பாறை தடுக்கிறது என்று நாற்பது பக்கம் எழுதித் தள்ளினாள். அந்த நாற்பது பக்கம்தான் இப்போது பிஎச்.டி. இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

லட்டு டப்பாவோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். தறிக்குப் பக்கத்தில் ஜெயம்மாளின் புருஷன் பழனி படுத்திருந்தார். தறிக்குழியில் இறக்க முடியாதபடி இரண்டு காலும் வீங்கிக் கிடந்தன.

"அண்ணனுக்கு என்னக்கா ஆச்சு?"

"கிட்னி ரெண்டும் போயிடுச்சும்மா. வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸுக்கு இட்டுக்கினு போறேன். எதிர்வீட்டு அங்கம்மாளுக்கும் இதே மாதிரிதான் இருக்குது."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"என்ன தண்ணி குடிக்கறீங்கன்னுதான் மொதல்ல கேட்டாரு. உன் ரிப்போர்ட்டக் காட்டினேன். அப்போ தண்ணியில்ல, வேற என்னமோன்னுட்டாரு."

அந்த அறிக்கை லேமினேட் செய்யப்பட்டு, சாமி படத்துக்குக் கீழே தொங்கியது. தேவிப்ரியாவுக்கு மனசு கனத்துப் போனது. தண்ணீராவது நல்லதாக இருக்கிறதே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தாள். "இன்னொரு சாம்பிள் வேணும்னு என் கைடு கேக்கறார்க்கா. அன்னைக்குக் குடுத்தீங்களே, அதே தண்ணி குடுங்க."

ஜெயம்மாள் பாட்டிலை வாங்கவில்லை. சங்கடமாகச் சிரித்தாள்.

"அன்னிக்கு வீடு தேடி வந்த பொண்ணாச்சேன்னு, கடையில வாங்கின கேன் தண்ணிய ஊத்திக் குடுத்தேன். நீ ரிப்போர்ட் குடுத்ததுலேர்ந்து நாங்க கேனே வாங்கறதில்லியேம்மா!"