பன்னிரண்டாயிரம் அடி

படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் ரத்த அணுக்கள் கவலையால் சீக்கிரமே மூப்படைகின்றன. தினமும் நடந்தால் அது குறையுமா என்பதுதான் சுகந்தியின் ஆராய்ச்சி. அதற்காக நாற்பது பெண்களுக்கு, நடக்கும் அடிகளை எண்ணும் கைப்பட்டை கொடுத்திருந்தாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் ஞானசௌந்தரி என்பவளின் அணுக்கள் மட்டும் எட்டு வயது இளமையாகியிருந்தன. மூன்று முறை சோதித்தும் அதே முடிவுதான். நம்ப முடியாமல் ஒரு நாள் காலையில் அவள் வீட்டுக்கே போனாள் சுகந்தி.

"தினம் பன்னிரண்டாயிரம் அடி காட்டுதே, எங்க நடக்கறீங்கம்மா?"

"நான் எங்க மேடம் நடக்கிறது? இவர விட்டுட்டு வாசலத் தாண்ட முடியுமா?" என்றாள் ஞானசௌந்தரி. "பட்டைய நீங்க குடுத்த அன்னிக்கே இவரு கையில கட்டிட்டேன்."

கட்டிலில் அவள் கணவர் தேவசகாயம் கண்மூடிக் கிடந்தார். பக்கவாதம் வந்து நான்கு வருடங்களாக அவருக்கு விரல்கூட அசைந்ததில்லை. பட்டையில் ஏதோ கோளாறு என்று கழற்றக் குனிந்த சுகந்தி, மின்விசிறிக்கு நேர் கீழே அவர் நெற்றி வியர்த்து வழிவதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

ஞானசௌந்தரி ஈரத்துணியோடு கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். அவருடைய இரண்டு உள்ளங்கால்களிலும் செம்மண் அப்பியிருந்தது. இன்னும் காயவில்லை.

"அம்மா, இது..." என்று குரல் உயர்த்தினாள் சுகந்தி.

"மெதுவாப் பேசுங்க மேடம்," என்றாள் அவள், மண்ணைத் துடைத்தபடியே. "இப்பத்தான் வந்து படுத்தாரு."