லைனை நிறுத்திய சாமி

ஃபேக்டரியில் புது அசெம்பிளி லைன் ஓடத் தொடங்கிய வாரத்திலேயே தனலெட்சுமி மேல் சாமி வந்துவிட்டது.

"கதவைத் திறங்கடா. என் பிள்ளைங்க ஒருத்திகூட உள்ள இருக்கக் கூடாது. எல்லாம் வெளிய போ."

தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஆண்குரலில் கத்தி ஆடினாள். தமிழ்ப் பெண்கள் கும்பிட்டார்கள். மலாய்ப் பெண்கள் "ஹாந்து, ஹாந்து" என்று பேய்க்குப் பயந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் அலாவுதீன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

எழுபதுகளில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் இதுதான் வழக்கம். ஒருத்திக்கு வந்தால் அடுத்தவளுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று பயம். அதனால் லைனை நிறுத்தி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். போமோ வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்த பிறகுதான் திரும்ப உள்ளே போவார்கள். டை கட்டிய மேனேஜர்கள்கூட இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

பெண்கள் மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். நிறைமாத கர்ப்பிணி காமாரியாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள்.

நாகநாதன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அவன் அந்தக் கம்பெனியின் புரொஜெக்ட் டிரெய்னி. பழைய கட்டடத்திலிருந்து லைனைப் பெயர்த்து, புதுக் கட்டடத்தில் சொன்ன தேதிக்கு ஓட வைப்பதுதான் அவனுக்குக் கொடுத்த பயிற்சி. ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் புக்கிட் மெர்தாஜாமில் அப்பா முகத்தில் முழித்துக்கொண்டு வேறு வேலை தேட வேண்டும். அமெரிக்காவிலிருந்து பெரிய தலைகள் வந்து பார்க்கப்போகிற நேரம். சாமிக்கு வேறு வாரமே கிடைக்கவில்லையா?

சாயங்காலம் மேனேஜர் ஏரம்பமூர்த்தி அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பொம்பிளைக்கு உண்மையாவே சாமி வந்ததோ?"

"இல்ல சார். நடிப்பு."

"எப்படிச் சொல்லுறீர்?"

"ஆபீஸ் கண்ணாடி ரூம்ல இருந்து பாத்தேன் சார். மொதல்ல மூக்குக் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, உறையில போட்டாங்க. அப்புறம்தான் கத்தினாங்க."

ஏரம்பமூர்த்தி சிரித்தே விட்டார். எந்த ஊர்ச் சாமி, கண்ணாடியைப் பத்திரமாக வைக்கும் வரைக்கும் காத்திருக்கும்?

"இதை நாளைக்கு விசாரணையிலயும் சொல்லுவீரோ?"

நாகநாதனுக்கு ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. டிரெய்னி என்று மற்றவர்கள் இளப்பமாகப் பார்த்தபோது, அவனிடம் முகம் கொடுத்துப் பேசியவள் தனலெட்சுமி ஒருத்திதான். ஆனால் தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்?

"சொல்றேன் சார்."

மறுநாள் விசாரணை, கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாகநாதன் பார்த்ததைச் சொன்னான். தனலெட்சுமி எதையும் மறுக்கவில்லை.

"ஆமாலா, நடிச்சேன்."

"எதுக்கு?" என்று கேட்டார் ஏரம்பமூர்த்தி.

அவள் அலாவுதீனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு," என்றாள்.

அந்தத் திமிருக்காகவே அன்றைக்கே சீட்டைக் கிழித்தார்கள். கூடவே ஏரம்பமூர்த்தி ஓர் ஆர்டரும் போட்டார். இனிமேல் சாமி வந்தாலும் சரி, பேய் வந்தாலும் சரி, மயங்கி விழுந்தாலும் சரி, லைன் நிற்கக் கூடாது. போகிற போக்கில் நாகநாதனின் முதுகில் தட்டி, "இனி நீர் எங்கட ஆள்" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அவனுடைய கால்கள் கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்துக்குப் போயின. தனலெட்சுமி அங்கே பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தாள்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க? லைன் ஒழுங்கா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"கண்ணாடி ரூம்ல இருந்து பாத்தா ஒழுங்காத்தான் தெரியும் தம்பி. உள்ள வந்து நின்னு பாத்தீங்களா? அந்தப் பார்ட்ஸ் கழுவுற மருந்து வாடை மண்டைக்குள்ள ஏறுது. வயித்துப் பிள்ளையோட காமாரியா மயங்கி மயங்கி விழறா. நேத்தும் அவளுக்குக் கண்ணு சொருக ஆரம்பிச்சிருச்சு. அதைப் பாத்துட்டுத்தான் எனக்குச் சாமி வந்துச்சு."

நாகநாதன் திரும்பிப் புதுக் கட்டடத்தின் கூரையைப் பார்த்தான்.

அந்த வாடையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாய் இன்னும் கூரையில் ஏறவில்லை. அமெரிக்கக்காரர்கள் வந்து போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வேலையைத் தள்ளிப்போட்டு, தேதியை முன்னுக்கு இழுத்தவன் அவன்தான். மீட்டிங்கில் அதற்காகக் கைகூடத் தட்டினார்கள்.

"வாடைன்னே சொல்லியிருக்கலாமே அக்கா?" சொன்ன பிறகு அவனுக்கே தன் குரல் அசிங்கமாக இருந்தது.

"சொன்னேனே. அலாவுதீன் அண்ணன் மேல போய்ச் சொன்னாரு. போகப் போகப் பழகிடும்னு சொல்லி அவர் வாயை அடைச்சுட்டாங்க."

பஸ் வந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"வாடைன்னா நிக்காத லைன், பேய்னதும் நின்னுச்சு தம்பி. இப்ப பேய்க்கும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டர் வாங்கிக் கொடுத்துட்டீங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை விழுந்தா, எதைச் சொல்லி நிப்பாட்டுவாங்க?"